அழிக்காதே, கோடு போடு

எங்கள் எதிர்வீட்டில் ரேவதி என்று ஒரு டீச்சர் குடியிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் சூடு ஆறவில்லை. போன மாதம் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, கை நிறையக் கலர் அட்டையும் கோந்தும் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். நாலாவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைகளை வாரத்தில் ஒரு மணி நேரம் சொந்தமாக எழுத வைக்க வேண்டுமாம். எழுதியதை அவர்களே திருத்தி மறுபடி எழுத வேண்டுமாம். பிறகு வகுப்புக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டுமாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்க டீச்சர்" என்று ஒரு பெருமூச்சு வேறு. எனக்குச் சுருக்கென்றது. நான் என்னவோ ஓலைச்சுவடியை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவள் மாதிரி.

இருந்ததடி, பேர்தான் வைக்கவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. காபி போட்டுக் கொடுத்து, சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார வைத்துச் சொன்னேன். சொன்னதையே எழுதித் தாருங்கள் என்று இப்போது நச்சரிக்கிறாள். எழுதுகிறேன். நான் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டதற்குச் சிரிக்கிறாள். அது சிரிக்கிற விஷயமாக இல்லாத ஒரு காலம் இருந்தது.

நான் தேசூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிப் படிப்பை முடித்தது நான்தான். பிறகு ஆசிரியர் பயிற்சி. அங்கே கரும்பலகையில் வரி கோணாமல் எழுதவும், குரலைக் கடைசி வரிசை வரைக்கும் எறியவும், அட்டையில் மாம்பழம் வெட்டி ஒட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எழுபதுகளின் நடுவில் ஆரணிக்கு மாற்றலாகி வந்தேன். சேவூர் போகிற சாலையில், ஒரு பக்கம் நெசவுத் தெருக்கள், இன்னொரு பக்கம் நெல் வயல், நடுவில் ஓடு வேய்ந்த எங்கள் பள்ளி. ஐந்தாம் வகுப்பை என் தலையில் கட்டினார்கள்.

கட்டியவர் எங்கள் தலைமையாசிரியர் ஏகாம்பரம் சார். ஊரில் எல்லோருக்கும் பெரிய சார். வெள்ளைச் சட்டை, காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை, சட்டைப் பையில் பாதி பிளேடு. அந்த பிளேடு எதற்கென்று நான் முதலில் பயந்துபோனேன். பென்சில் சீவுவதற்கு. மைக்கூட்டைக் கவிழ்த்துச் சட்டையெல்லாம் பாழாக்குவார்கள் என்று ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பேனா கூடாது என்று வைத்திருந்தார். பரீட்சைக்கு முந்தின நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பென்சிலையெல்லாம் வாங்கி, தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவரே சீவுவார். மரத்தை ஒரே நீளத்தில் சீவி இறக்கி, முனையைக் காகிதத்தில் தேய்த்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து வைப்பார். ஒரு தலைமையாசிரியர் இதைச் செய்ய வேண்டுமா என்று கேட்டால், பரீட்சையில் பிள்ளையின் முனை உடைந்தால் பிள்ளையின் மனசும் உடையுமே அம்மா என்பார்.

அவர் ஆசிரியர்களைப் பிள்ளைகளுக்கு எதிரே ஒரு நாளும் கடிந்ததில்லை. ஏதாவது தவறு கண்டால், ஒரு டம்ளர் தண்ணீரை வகுப்புக்கு அனுப்பிவைப்பார். குடித்துவிட்டு வாருங்கள், பேச வேண்டும் என்று அதற்கு அர்த்தம். இந்த ரகசியம் தெரியாத பிள்ளையே பள்ளியில் கிடையாது. டம்ளர் வாசலில் தெரிந்ததும், "டீச்சர், உங்களுக்குத் தண்ணி வந்துகினு இருக்குது" என்று முன்வரிசையே எனக்குத் தைரியம் சொல்லும்.

அவருக்குத் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான், அடித்தல் திருத்தல். அவருடைய வருகைப் பதிவேட்டில் ஒரு கோணல் கோடு பார்க்க முடியாது. கட்டுரையில் ஒவ்வொரு அடித்தலுக்கும் அரை மார்க் குறைப்பார். நன்றாக எழுதிய பிள்ளை நாலு இடத்தில் அடித்திருந்தால் போச்சு. ஐந்தாம் வகுப்பின் முழுப் பரீட்சைத் தமிழ்த் தாளை மட்டும் அவரே தயாரித்து அவரே திருத்துவார். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளை என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அவர் கட்சி.

நான் வந்த புதிதில், உங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி எழுதுங்கள் என்று வகுப்பில் சொன்னேன். பேசச் சொன்னால் வாய் ஓயாத பிள்ளைகள் அவர்கள். குழாயடிச் சண்டையை ஆளுக்கு ஒரு குரலில் நடித்தே காட்டுவார்கள். எழுதச் சொன்னதும் அத்தனை பேரும் கல்லாகிவிட்டார்கள். கடைசியில் எல்லாத் தாளிலும் ஒரே கட்டுரை. சண்டை மனிதனுக்கு இன்றியமையாதது, சண்டை பல வகைப்படும், ஆகவே நாமும் சண்டையிட்டு நன்மை அடைவோமாக. மனப்பாடம் செய்த ஏதோ ஒரு கட்டுரையில் தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி நினைத்து நினைத்துச் சிரித்தேன் என்பது வேறு விஷயம்.

அதிலிருந்துதான் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் எழுத்து வேலைக்கு என்று ஆயிற்று. முறையைச் சொல்கிறேன், ரேவதி கவனமாகக் கேள். முதலில் எழுதக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். கேட்கிறவர் "நல்லா இருக்குது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது, தனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் பென்சில். பஜாரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் ஓரம் வெட்டித் தள்ளிய தாளை எனக்குச் சும்மா கொடுப்பார்கள். அதில் எழுதி, பக்கத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டி, மறுபடி ஒரு கேள்வி, மறுபடி எழுத்து. கடைசியில் ஒருவர் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வகுப்புக்குப் படிக்க வேண்டும். நான் கீழே பிள்ளைகளோடு உட்காருவேன். படித்த தாளை, ஜன்னல் கம்பிக்கும் கதவு ஆணிக்கும் இடையே கட்டிய பட்டு நூலில் மாட்டுவோம். நூலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா?

அந்த நூலில் என்னென்ன தொங்கின என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. எங்கள் மாமா வந்தால் அவர் செருப்பை அம்மா வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பாள், அப்படியும் அவர் போக மாட்டார் என்று ஒருவன் எழுதினான். அந்த மாமா அடுத்த வாரம் பிள்ளையைக் கூப்பிட வந்தவர், தாளைப் படித்துவிட்டு, வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்து, கையெழுத்து நல்லா இருக்குது என்றார். மனிதர் பெரிய மனசுக்காரர். டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் அக்காவுக்கு மட்டும் கிழியாத டிக்கெட் கொடுக்கிறார் என்று இன்னொருத்தி எழுதியதை மட்டும், குடும்ப நன்மை கருதி, நானே நூலில் மாட்டாமல் விட்டேன்.

இதற்கு நடுவில்தான் கஸ்தூரி வந்தாள். அப்பா தாமோதரன் பட்டு நெசவாளி, வீட்டிலேயே குழித்தறி. கஸ்தூரி குச்சி மாதிரி இருப்பாள். பேச்சு மெதுவாக வரும், ஆனால் சொல்ல வந்ததை விட மாட்டாள். வாயால் கதை சொன்னால் வகுப்பே அவள் பக்கம் திரும்பும். எழுத உட்கார்ந்தால் மணி அடிக்கும்போது அவள் தாளில் மூன்று வரி இருக்கும். ஒவ்வொரு வாரமும் அதே மூன்று வரி. சோம்பேறியும் இல்லை. மற்றப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட இவள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டேதான் இருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். கிட்டத்தட்டப் பக்கம் நிறைய எழுதிவிட்டாள். பிறகு மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் வரியில் ஒரு வார்த்தை பிடிக்கவில்லை. ரப்பரை எடுத்தாள். அந்த வார்த்தையை அழிப்பாள் என்று பார்த்தால், பக்கத்தின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியாக மேல்நோக்கி அழித்துக்கொண்டு வந்து, அந்த வார்த்தையையும் அழித்து, ஊதிவிட்டு, அங்கிருந்து மறுபடி எழுதத் தொடங்கினாள். பாவிப் பெண்ணே! எத்தனை அழகான வரிகள்!

ஏன் எல்லாவற்றையும் அழித்தாய் என்று கேட்டேன். தப்பு வந்துவிட்டது என்றாள். தப்பு ஒரு வார்த்தைதானே, கீழே இருப்பதெல்லாம் சரிதானே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், படித்த டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி.

"தப்பு மேல எழுதினது எப்படி டீச்சர் நிக்கும்?"

எனக்கு விளங்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அவள் வீட்டுக்குப் போனேன். அப்போதெல்லாம் வாத்தியார் வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்கு உதறல் எடுக்கும், கஸ்தூரி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தறியில் தாமோதரனும், அவருக்குப் பக்கத்தில் சேலைக் கரைக்கு நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பெரிய பெண் புஷ்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பாவுக்குக் கல்யாண வயது, வாயும் அதற்கு ஏற்ற மாதிரி. இவள் கோலம் போட்டாலும் இப்படித்தான் டீச்சர், ஒரு புள்ளி தவறினால் வாசல் முழுக்கப் பெருக்கித் தள்ளிவிட்டு முதலிலிருந்து வருவாள் என்று தங்கையை வாரினாள். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னத் தம்பி என் குடையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

நான் போன நேரத்தில் தறி ஓடவில்லை. நெய்த துணியில் விரல் அளவு கீழே குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்று தவறியிருந்தது. அதற்கு மேல் நெய்திருந்ததெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் அந்த இழையைத் தொட வேண்டுமானால் மேலே இருப்பதைப் பிரித்தாக வேண்டும். அப்பாவும் பெண்ணும் இழை இழையாகப் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மோர் டம்ளரோடு நின்றுவிட்டேன். தப்பு மேல எழுதினது எப்படி நிக்கும்? கஸ்தூரிக்குத் தாளும் தறிதான். அடுத்தடுத்து எழுதுகிற வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. அடியில் இருப்பது கெட்டால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

பிறகு கவனித்தால் நெசவு வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இந்தப் பழக்கம் கொஞ்சம் இருந்தது. வயல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்கள் தப்பை அப்படியே விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இருப்பார்கள். நானும் நடவு நட்ட கைகளின் பெண்தானே, எனக்கும் அதே புத்தி. சாய்ந்த ஒரு நாற்றுக்காக எந்த நடவுக்காரி திரும்பிப் போகிறாள்?

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துப் போய், எல்லா ரப்பரையும் அதில் போடச் சொல்லி மூடி என் மேசையில் வைத்தேன். இது துணி இல்லை, தாள். எழுதினது பிடிக்கவில்லையா, அழிக்காதே, கோடு போடு. ஒரே ஒரு கோடு, கிறுக்கக் கூடாது. மேலே சரியானதை எழுது, போய்க்கொண்டே இரு. இதுதான் சட்டம் என்றேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கஸ்தூரி அழுதாள். பிறகு விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துத் தாளைக் கிழித்தாள்.

சொல்லிப் புண்ணியமில்லை என்று, நானே கரும்பலகையில் அவர்கள் கண்ணெதிரே எழுதிக் காட்டினேன். பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது சைக்கிள் கற்றுக்கொண்டு சாக்கடையில் விழுந்த கதை. எழுதுவேன், பிடிக்காது, கோடு போடுவேன், மேலே எழுதுவேன். சாக்கடை என்பதை அடித்து வாய்க்கால் என்று கௌரவமாக மாற்றினேன். பொய் சொல்லாதீங்க டீச்சர் என்று வகுப்பே கத்தியது. வாய்க்காலை அடித்து மறுபடி சாக்கடை. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். கஸ்தூரி மட்டும் எழுந்து கேட்டாள், அடித்தால் அடியில் இருப்பது தெரியுமே டீச்சர் என்று. தெரியட்டுமே, நீ முதலில் என்ன நினைத்தாய் என்று நாங்களும் தெரிந்துகொள்கிறோம் என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் தீபாவளி கழிந்து அவள் பக்கம் நிறைய எழுத ஆரம்பித்தாள். அங்கங்கே கோடு, மேலே பொடி எழுத்து. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

தண்ணீர் வந்தது. வராமல் இருக்குமா? நூலில் தொங்கிய தாள்களைப் பெரிய சார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். நான் குடித்துவிட்டுப் போனேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அடித்தல் ஒரு பழக்கம், ஒட்டிக்கொண்டால் போகாது, நாளைக்கு இந்தப் பிள்ளைகள் ஆபீசில் உட்கார்ந்து எழுத வேண்டாமா என்று வருத்தப்பட்டார். நான் கஸ்தூரியின் கதையைச் சொன்னேன். ரப்பர் கொடுத்தால் மூன்று வரி, பிடுங்கினால் ஒரு பக்கம், எது வேண்டும் சார் என்றேன். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துவிட்டு யோசித்தார்.

"வெள்ளிக்கிழமை உங்களுது, வச்சிக்கங்கம்மா. பரீட்சை என்னுது."

அரைப் பரீட்சையில் அவர் சட்டம்தான் நடந்தது. மேசையில் ரப்பர் இருந்தது, கஸ்தூரியின் கை அதற்குப் போனது, மணி அடிக்கும்போது மூன்று வரி. தமிழில் தோல்வி. முழுப் பரீட்சையிலும் இப்படி என்றால் அவளை இன்னொரு வருடம் ஐந்தாவதிலேயே உட்கார வைக்க வேண்டியதுதான் என்றார் பெரிய சார். அவர் அளவில் அது தண்டனை இல்லை, பிள்ளை கெட்டிப்படட்டும் என்ற எண்ணம்.

பொங்கல் முடிந்த வாரம் அந்த வீட்டில் இடி விழுந்தது. புஷ்பா வெம்பாக்கம் பக்கத்துப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்தவன், வேறு சாதி. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அவன் ஊருக்கே போய்விட்டார்கள் என்று மறுநாளே தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. தாமோதரன் சத்தம் போடவில்லை. சுவரில் இருந்த குடும்பப் போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டார். அவள் துணிமணியை யாருக்கோ கொடுத்தார். அந்தப் பேரை யாராவது எடுத்தால் தறியை விட்டு எழுந்து போய்விடுவார் என்று கஸ்தூரியின் அம்மா என்னிடம் குழாயடியில் சொன்னாள். விசாரிக்கிறவர்களிடம், எங்களுக்கு ஒரு பெண், ஒரு பிள்ளை என்றே சொன்னாராம். தப்பு வந்த இடம் வரைக்கும் அவர் பிரித்துவிட்டார்.

தறிக்குப் பக்கத்து ஆள் வேண்டுமே. காலையில் பள்ளிக்கு முன்னாலும் சாயங்காலம் வந்த பிறகும் கஸ்தூரி புஷ்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். நான் தாமோதரனைப் போய்ப் பார்த்தேன். மனிதர் மெலிந்துபோயிருந்தார். ஆறாவதுக்குப் பெண்கள் பள்ளிக்கு அனுப்புவீர்கள் அல்லவா என்று மெல்லக் கேட்டேன்.

"பாஸ் பண்ணா பாக்கலாங்க டீச்சர். பெயிலானா அதே கிளாசுக்கு இன்னொரு வருஷம் அனுப்ப என்னால ஆவாது. தறியில குந்த வேண்டியதுதான்."

அந்த வார்த்தையில் தப்பு இல்லை. திரும்பி வரும்போது எனக்கு இருந்த ஒரே கவலை, மூன்று வரி. பாழாய்ப்போன மூன்று வரி. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கஸ்தூரி எழுதினாள்தான், ஆனால் வீட்டைப் பற்றி எழுதவே மாட்டாள். பஸ், கடை, மழை என்று வெளியிலேயே சுற்றினாள். நானும் கேட்கவில்லை.

முழுப் பரீட்சை. பெரிய சார் பென்சிலெல்லாம் சீவித் தந்திருந்தார். தமிழ்த் தாளை விநியோகித்துவிட்டு அதை நானும் படித்தேன். கட்டுரைத் தலைப்பு, எங்கள் குடும்பம். வருடா வருடம் கேட்கிற சாதாரணத் தலைப்புதான். கஸ்தூரி வீட்டு விஷயம் பெரிய சாருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எந்தப் பிள்ளைக்கும் கைவந்த தலைப்பு, இந்த ஒருத்தியைத் தவிர.

பரீட்சையில் நான் வாய் திறக்க முடியாது. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அவளையே பார்த்தேன். ஒரு வரி எழுதினாள். நிறுத்தினாள். வெகு நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ரப்பரை எடுத்தது. தொலைந்தது என்று நினைத்தேன். எடுத்த ரப்பரைக் கொஞ்சம் உருட்டிவிட்டு, மேசையில் இருந்த இடத்திலேயே வைத்தாள். பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மேலே எதையோ எழுதினாள். பிறகு குனிந்தவள் மணி அடிக்கும் வரைக்கும் நிமிரவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். நான் அவள் பக்கமே போகவில்லை, போனால் காரியம் கெட்டுவிடும் என்று பயம்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய சாரே என் வகுப்புக்கு வந்தார். தண்ணீர் அனுப்பவில்லை. கஸ்தூரியின் தாள் கையில் இருந்தது. பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, கட்டுரை இருந்த பக்கத்தை என் முன்னால் வைத்தார். முதல் வரி, எங்கள் வீட்டில் ஐந்து பேர். அந்த ஐந்தின் மேல் ஒரே ஒரு கோடு, கிறுக்காமல். தலைக்கு மேலே பொடியாக, நான்கு. அதற்கு அப்புறம் அப்பா நெய்கிறார், அம்மா தாருக்கு நூல் சுற்றுகிறாள், தம்பி குடை கேட்கிறான் என்று போகிறது. பின்பக்கத்தில் ஓரிடத்தில், இப்போது நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன், அந்த இடம் எனக்குப் பெரியதாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

இன்னும் எட்டுப் பத்து அடித்தல் இருந்தது. எல்லாவற்றையும் அவர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார், முதல் வரியைத் தவிர. வட்டமிட்டதற்கெல்லாம் அரை அரை மார்க் குறைத்திருந்தார், சட்டம் சட்டம்தான். இரண்டு பக்கம் எழுதியவளுக்கு அது போகவும் பாஸ் மார்க்குக்கு மேலேயே நின்றது. முதல் வரியில் மட்டும் கை ஓடலைம்மா என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே ஒரு பயமும் வந்தது. பாஸ் ஆன பிள்ளையின் தாளை அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, கையெழுத்து வாங்குவது பெரிய சாரின் வழக்கம். தாமோதரன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூடியவர். வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று வைத்திருக்கிற மனிதர் அந்த ஐந்தைப் பார்த்தால், இதைத்தான் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட மாட்டாரா? இந்த ஒரு தாளை மட்டும் காட்டாமல் விட்டுவிடுங்கள் சார் என்று கெஞ்சினேன். மார்க்கை மட்டும் சொல்லலாமே என்றேன்.

"அது அந்தக் கொழந்த எழுதினதும்மா. நாம ஒளிச்சா, அவ தப்பு பண்ண மாதிரி ஆயிடும்."

மனசுக்குள் கிழவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

தாமோதரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கஸ்தூரி அவர் வேட்டி நுனியைப் பிடிக்காத குறையாக ஒட்டி நின்றாள். பெரிய சார் பாஸ் என்று சொல்லி, தாளை அவரிடம் நீட்டினார். நான் கஸ்தூரிக்கு இந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன், தடுத்துவிடுவேன் என்கிற மாதிரி. அவர் விரல் வைத்துப் படித்தார். முதல் வரியில் விரல் நின்றது. நகரவே இல்லை. வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கஸ்தூரியின் முகம் வெளுத்துவிட்டது. நெய்து நெய்து காய்த்துப்போன அந்த விரல், கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தது.

"மொதல்ல எழுதினதுதாங்க சரி" என்றார்.

இந்தக் கோட்டை மட்டும் எடுக்க முடியுங்களா சார் என்று கேட்டார். பெரிய சார் தம் மேசை டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தாமோதரன் ரப்பரைத் தாளில் வைக்கப் போனார். அதற்குள் கஸ்தூரி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"அழிச்சா அடியில இருக்கிறதும் பூடும் நைனா."

மேசையில் இருந்த பென்சிலை எடுத்தாள். நான்கின் மேல் ஒரு கோடு போட்டாள். அதற்கும் மேலே, இடம் போதாமல் தாளின் விளிம்பில் இடித்துக்கொண்டு, ஐந்து என்று எழுதி, அப்பாவிடம் கொடுத்தாள்.